இவர் நமக்கு செட் ஆவாரா? புதிதாக ஆள் எடுப்பவர்களுக்கு நேர்காணல் பற்றி ஓர் எளிய விளக்கம்

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

பெரும்பாலான இன்டர்வியூக்கள் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன. எதிரே இருப்பவர் ஊர், படிப்பு, அப்பா பார்க்கும் வேலை, இதற்கு முன் இருந்த கம்பெனி என்று ஒப்பிப்பார். நாம் பயோடேட்டாவைப் புரட்டிக்கொண்டே தலையாட்டுவோம். நடுவில் டீ வரும். "முன்னாடி இருந்த இடத்தை ஏன் விட்டீங்க?", "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கறீங்க?" என்று இன்னும் இரண்டு கேள்வி. இருபது நிமிஷத்தில் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம், "நல்லா பேசறாரு, செட் ஆவாருன்னு தோணுது" என்போம். அவ்வளவுதான், வேலை உறுதி.

நானும் பல வருஷம் இப்படித்தான் ஆள் எடுத்தேன். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் அலுவலக வேலைகளுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது என் தொழில். அதில் அதிகம் தேடியது மெர்ச்சண்டைசர்களைத்தான். இந்த வேலையை அறியாதவர்களுக்காக ஒரு வரி: வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் உறுதியான நாளிலிருந்து சரக்கு கப்பல் ஏறும் நாள்வரை, நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்தையும் விரட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பவர் அவர்.

அப்படி நான் எடுத்த ஒருவரை இன்றும் மறக்க முடியவில்லை. ஆங்கிலம் சரளம், சிரித்த முகம், கோவையில் நல்ல கல்லூரி. முதலாளிக்கும் எனக்கும் ஐந்து நிமிஷத்திலேயே பிடித்துவிட்டது. மூன்றாவது மாதம், பையர் லேப் டிப்பை, அதாவது சாய மாதிரியை, ஓகே செய்து அனுப்பிய மெயில் அவருடைய இன்பாக்ஸில் ஒன்பது நாள் கிடந்தது. டையிங்கில், அதாவது துணிக்குச் சாயமேற்றும் இடத்தில், எங்களுக்கு ஒதுக்கிய நாள் வேறொருவருக்குப் போய்விட்டது. கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் சரக்குக் கட்டணத்திலேயே கரைந்தது.

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அன்றைய இன்டர்வியூ குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஊர், கல்லூரி, பொழுதுபோக்கு, ஐந்து வருஷம் கழித்து எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். வந்த மெயிலை எப்படிக் கையாள்வார், ஒரே நேரத்தில் எட்டு ஆர்டர் ஓடும்போது எதையும் தவறவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதைத் தொடும் ஒரு கேள்விகூட இல்லை. கேட்காதது எப்படித் தெரியவரும்?

பேசிப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

"ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லும் முதலாளிகள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அப்படித் தெரிந்துவிட்டதாகத்தான் அவர்களுக்கு உண்மையிலேயே தோன்றுகிறது. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

1979-இல் அமெரிக்காவில், ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தற்செயலாக ஒரு பரிசோதனையே நடந்துவிட்டது. நேர்காணல் எல்லாம் முடித்து 150 மாணவர்களைச் சேர்த்துவிட்டார்கள். அதன் பிறகு இன்னும் 50 இடங்களை நிரப்பச் சொல்லி மாநிலச் சட்டமன்றம் உத்தரவிட்டது. வேறு வழியில்லாமல், முதலில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். படிப்பு முடிந்து மருத்துவமனைப் பயிற்சிக் காலம்வரை பின்தொடர்ந்து பார்த்ததில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஒதுக்கப்பட்டவர்களை ஒதுக்கியதில் பெரும்பங்கு நேர்காணலில் கிடைத்த அபிப்பிராயத்துக்குத்தான். அந்த அபிப்பிராயம் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

2013-இல் வெளியான இன்னொரு ஆய்வைப் படித்தபோது நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாணவர்களை இன்னொரு மாணவருடன் பேசவைத்து, அவர் அடுத்த பருவத்தில் என்ன மதிப்பெண் எடுப்பார் என்று கணிக்கச் சொன்னார்கள். பதில் சொல்பவர்களில் சிலருக்கு ரகசியமாக ஓர் ஏற்பாடு: கேள்விக்கு உண்மையான பதில் சொல்லாமல், ஒரு சூத்திரத்தின்படி ஆம், இல்லை என்று கண்டபடி சொல்ல வேண்டும். கேட்டவர்களுக்கு இது தெரியவே இல்லை. அந்தக் கண்டபடி பதில்களிலிருந்தும் ஒரு முழு மனிதரைக் கட்டி எழுப்பி, "இவரைப் புரிந்துகொண்டேன்" என்றார்கள். பேசாமல், பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொன்ன கணிப்புதான் அதைவிடச் சரியாக இருந்தது.

அதற்காக நேர்காணலே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் பயன் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. ஆள் தேர்வு முறைகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளில் வந்த ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் ஒரு மறுகணக்கு போட்டார்கள். ஒரு முறை தரும் மதிப்பீடும் பின்னால் அந்த ஆள் வேலை செய்யும் விதமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவு. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19 கிடைத்தது. வரையறுத்த நேர்காணலுக்கு 0.42. அந்தப் பட்டியலிலேயே அதுதான் முதலிடம்.

வரையறுத்த நேர்காணல் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேலைக்கு என்ன தேவை என்று முதலில் எழுதிக்கொள்வது. அதிலிருந்து கேள்விகளை உருவாக்கி, வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்பது. ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போடுவது. இந்த மூன்றும்தான்.

கேள்விக்கு முன்னால் ஒரு காகிதம்

தேவையை எழுதுங்கள் என்றால் பலரும் "சின்சியராக இருக்கணும், டீம் ஒர்க் தெரிஞ்சிருக்கணும், பிரஷரைத் தாங்கணும்" என்று எழுதுவார்கள். எந்த வேலைக்கும் பொருந்துகிற பட்டியலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் செய்வது வேறு. அந்த வேலையை நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் உட்கார்ந்து, "போன வருஷம் இந்த சீட்ல இருந்தவரால கம்பெனி தப்பிச்ச சம்பவம் ஒண்ணு சொல்லுங்க. அப்புறம், இந்த சீட்ல இருந்தவரால மாட்டிக்கிட்ட சம்பவம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப் படைக்காக வேலை செய்த ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் இந்த முறையை வளர்த்தெடுத்து 1954-இல் விரிவாக எழுதினார். நல்ல விமானி என்றால் யார் என்று பொதுவாகக் கேட்காமல், அவர் என்ன செய்தபோது காரியம் நடந்தது, என்ன செய்தபோது கெட்டது என்று சம்பவமாகக் கேட்பதுதான் அதன் சாரம்.

மெர்ச்சண்டைசருக்கு அப்படிக் கேட்டபோது எனக்குக் கிடைத்தவை நான்கு. ஒன்றும் நழுவாமல் பின்தொடர்வது. துணி, நூல் கணக்கு. வெளியில் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வேலை செய்துகொடுப்பவர்களிடம் பேசி வேலை வாங்குவது. கெட்ட செய்தியைச் சீக்கிரமாகச் சொல்வது. இந்த நான்காவது என் மனதில் முன்பு இருந்ததே இல்லை. ஆனால் பேசிய மூன்று பேரும் சொன்ன நஷ்டக் கதைகளில் எல்லாம், யாரோ ஒருவர் பயந்துபோய் இரண்டு நாள் மறைத்துவைத்தது இருந்தது.

இதே காகிதத்தில், கேட்க வேண்டாதவற்றையும் எழுதிவிடுவது நல்லது. எங்கள் சாஃப்ட்வேரை வந்தபின் பத்து நாளில் கற்றுக்கொள்ளலாம். பையருடைய படிவங்களும் அப்படியே. பத்து நாளில் சொல்லிக்கொடுக்கக் கூடியதற்காக ஒரு நல்ல ஆளை இழக்கக் கூடாது.

"பண்ணிட்டோம்" என்பதற்குள் யார் இருக்கிறார்?

கேள்விகள் இரண்டு விதம். "கடைசியாக இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று நடந்ததைக் கேட்பது ஒன்று. "இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது மற்றொன்று. அனுபவம் உள்ளவருக்கு முதலாவது. இப்போதுதான் கல்லூரி முடித்து வருபவருக்கு இரண்டாவது.

"நீங்க பொறுப்பான ஆளா?" என்றால் ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் வராது. நடந்ததைக் கேட்டால் அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்ட உடனே பதில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"டையிங் லேட்டாகி ஷிப்மென்ட் தள்ளிப்போற நிலைமை கடைசியா எப்ப வந்துச்சு? அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க."

"அது அடிக்கடி வருமுங்க. ஃபாலோ அப் பண்ணி முடிச்சிருவோம்."

"கடைசியா வந்தது மட்டும் சொல்லுங்க போதும். எந்த மாசம்?"

கொஞ்சம் யோசித்தார். "தீபாவளிக்கு முந்திங்க. நேவி புளூ. மூணு நாள் லேட்டாயிருச்சு. பேசி வாங்கிட்டமுங்க."

"யாரு பேசினது?"

"நான்தானுங்க போனேன்."

"போய் என்ன சொன்னீங்க?"

"முதல்ல சத்தம் போட்டேனுங்க. ஒண்ணும் வேலைக்காகலை. அப்புறம், மொத்த லாட்டும் இன்னிக்கு வேண்டாம், எக்ஸெல் சைஸ் வெட்டற அளவுக்கு முந்நூறு கிலோ மட்டும் ராத்திரிக்குள்ள இறக்கிக் கொடுங்க, எங்க கட்டிங் டேபிள் சும்மா நிக்குது, மீதியை நாளன்னிக்கு எடுத்துக்கறேன்னு கேட்டேன். கொடுத்தாங்க."

முதல் பதிலோடு நான் நிறுத்தியிருந்தால் "ஃபாலோ அப் தெரியும்" என்று மட்டும் குறித்திருப்பேன். அந்த முந்நூறு கிலோ வெளியே வந்திருக்காது. சத்தம் போட்டுப் பார்த்ததையும் அது பலிக்காததையும் மறைக்காமல் சொன்னாரே, அதற்கும் ஒரு மதிப்பெண் போட்டேன்.

இங்கே நம் பேச்சு வழக்கில் உள்ள ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழில் "நான் செய்தேன்" என்று சொல்வது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. தற்பெருமை என்று நினைத்துவிடுவார்களோ என்று "பண்ணிட்டோம்", "முடிச்சிட்டோம்" என்பார்கள். இன்னும் சிலர் "அப்ரூவல் வந்திருச்சு", "சரக்கு போயிருச்சு" என்பார்கள், எல்லாம் தானாக நடந்ததுபோல. வீட்டில் அடக்கமாகப் பேச வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், குறிப்பாகப் பெண்கள், இப்படிப் பேசுவது அதிகம். அதே சமயம், பக்கத்து சீட்டுக்காரர் செய்த வேலையைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்பவரும் அதே "பண்ணிட்டோம்"தான் சொல்வார். இருவரையும் பிரிப்பது உங்கள் அடுத்த கேள்விதான். "அதுல நீங்க செஞ்ச பகுதி எது?" என்று மிரட்டாமல் கேளுங்கள். "பெருமையா நினைக்க மாட்டேன், தைரியமா சொல்லுங்க" என்று சேர்த்துச் சொன்னால் முகமே மலர்ந்து பேச ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதியவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இது: "வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை பையரோட ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். துணியில ரெண்டு ஷேடு வருதுன்னு செக்கிங் சூப்பர்வைசர் சொல்றாரு. முதலாளி வெளியூர்ல இருக்காரு. நீங்க என்ன செய்வீங்க?" பதிலுக்கான அளவுகோல் முன்பே எழுதப்பட்டிருக்கும். "இன்ஸ்பெக்‌ஷன்ல வந்தா பாத்துக்கலாம்" என்றால் 1. முதலாளிக்கு போன் செய்து கேட்பேன் என்றால் 3. முதலில் தளத்துக்குப் போய், ஓகே செய்த துணித்துண்டோடு வைத்துப் பார்த்து, எத்தனை பீஸ் என்று எண்ணிப் பிரித்து வைத்துவிட்டு, அந்த எண்ணிக்கையோடும் இரண்டு வழிகளோடும் முதலாளியை அழைப்பேன் என்றால் 5. துணித்துண்டு பற்றியெல்லாம் கல்லூரி முடித்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை. போய்ப் பார்த்து எண்ணிவிட்டுப் பேச வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதுதான் கேள்வி.

பேச்சோடு நிற்காமல் ஒரு சின்ன வேலையையும் செய்யச் சொல்லுங்கள். நான் கொடுக்கும் கணக்கு ஒன்று: ஒரு டி-ஷர்ட்டுக்குக் கட்டிங் வேஸ்ட் சேர்த்து 180 கிராம் துணி. ஆர்டர் 5,000 பீஸ். நூல் சாயத்துணியாகும்வரை எடையில் 8 சதவீதம் போய்விடும். எவ்வளவு நூல் வாங்க வேண்டும்? துணி 900 கிலோ என்று எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் பலர் அதோடு 8 சதவீதத்தைக் கூட்டி 972 என்பார்கள். நஷ்டம் கழிவது வாங்கும் நூலில் அல்லவா? அதனால் 900-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும், 978 கிலோ வரும். 972 சொன்னவரை நான் ஒதுக்குவதில்லை. "இந்த 972-ல 8 சதவீதம் போனா எவ்வளவு மிஞ்சும், போட்டுப் பாருங்க" என்பேன். போட்டுப் பார்த்து, "அடடா, ஆறு கிலோ குறையுதே" என்று தானே திருத்திக்கொள்பவர் எனக்கு வேண்டியவர். "எங்க பழைய கம்பெனியில இப்படித்தான் போடுவோம்" என்று நிற்பவரிடம் யோசிப்பேன்.

இந்தச் சோதனை அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நடப்பில் இருக்கும் ஆர்டரின் வேலையைக் கொடுத்து வாங்கிக்கொள்வது மிகவும் தவறு. வேலை தேடி வருபவரின் உழைப்பு இலவசம் ஆகிவிடாது.

மதிப்பெண் எப்போது போடுவது?

அந்தந்தப் பதில் முடிந்ததும். நாள் முடிவில் போட்டால் கடைசியாக வந்தவரும், நன்றாகச் சிரித்தவரும்தான் நினைவில் இருப்பார்கள். ஒருவரிடம் ஒரு நல்ல அம்சத்தைப் பார்த்துவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் அவருக்குத் தாராளமாகப் போடுவது மனித இயல்பு. எட்வர்ட் தோர்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920-லேயே ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளில் இதைக் காட்டினார். ஆங்கிலம் சரளமாக வந்ததற்காக, பின்தொடரும் திறனுக்கும் நான் மனதுக்குள் முழு மதிப்பெண் போட்டேனே, அதே கதைதான்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து நேர்காணல் நடத்தினால், எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. முதலாளி "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்களின் பேனா தானாக அந்தப் பக்கம் சாயும்.

"இப்படிக் கட்டம் போட்டு நிரப்பினால் நம் அனுபவத்துக்கு என்ன மரியாதை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, அதற்கு ஓர் அழகான விடையும் இருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1955-இல் இருபத்தோரு வயது இளைஞராக இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தார். புதிய வீரர்களை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யும் நேர்காணல் சரியாக வேலை செய்யவில்லை, அதைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆறு குணங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றிய கேள்விகளை எழுதி, ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும் என்று விதித்தார். நேர்காணல் நடத்தியவர்கள் கொதித்துப்போனார்கள், எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்றார்கள். அவர் ஒன்றை விட்டுக்கொடுத்தார்: ஆறையும் முறையாக முடித்த பிறகு, கண்ணை மூடி அந்த வீரரை மனதில் நிறுத்தி, ஒட்டுமொத்தமாக ஒரு மதிப்பெண் போடுங்கள். புதிய முறை பழையதைவிட நன்றாக வேலை செய்தது. அதைவிட வியப்பு, அந்தக் கண்மூடிப் போட்ட மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகை அளவுக்குச் சரியாக இருந்தது. நம் உள்ளுணர்வுக்கு இடம் உண்டு. முதலில் தகவலைச் சேகரித்துவிட்டு அப்புறம் அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். என் தாளிலும் கடைசியில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது.

செட் ஆவாரா, நம்ம ஆளா?

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். என் மனதுக்கு இதுதான் முக்கியமான பகுதி.

"செட் ஆவாரா" என்பது நல்ல கேள்விதான். எங்கள் தொழிலில் ஷிப்மென்ட் வாரத்தில் வீடு போக ராத்திரி ஒன்பது ஆகும். பையர் ஒரே நாளில் மூன்று தடவை மனசை மாற்றுவார். இதெல்லாம் ஒத்துவராதவரை எடுத்தால் அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். ஆனால் என்ன விஷயத்தில் செட் ஆக வேண்டும் என்று எழுதிவைக்காவிட்டால், இந்தச் சொல் சத்தமில்லாமல் "நம்ம ஆளா" என்று மாறிவிடுகிறது. "சொந்த ஊர் எது? அந்த ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எங்க?" இந்தக் கேள்விகள் எதைத் தேடுகின்றன என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதில் சொல்லும்போது ஒரு பையனின் குரல் தாழ்ந்துபோனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் தடுக்கவில்லை. இன்று தடுப்பேன்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்று மதிப்பெண் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் நேர்காணல், அதிலும் பெற்றோரைப் பற்றியும் வசிக்கும் இடத்தைப் பற்றியுமே கேட்டார்கள் என்று மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்று பெயர். 1980 நவம்பரில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, இத்தகைய சேர்க்கையில் நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் யோசனை சொன்னது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கெசட்டட் அல்லாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணலே நீக்கப்பட்டது. சிபாரிசும் லஞ்சமும் நுழையும் வாசல் அது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

பெண்களிடம் கேட்பது இன்னொரு பட்டியல். "கல்யாணம் எப்ப? மாப்பிள்ளை வெளியூர்னா வேலையை விட்டுடுவீங்களா? குழந்தையை யாரு பாத்துக்குவாங்க?" ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், நமக்குத் தெரிய வேண்டியது அவருடைய குடும்பக் கதை இல்லை. ராத்திரி ஒன்பது மணிவரை இருக்க முடியுமா என்பதுதான். அதை நேராகவே கேட்கலாமே! "ஷிப்மென்ட் வாரத்துல ராத்திரி ஒன்பது மணி ஆகும், மாசத்துல நாலைஞ்சு நாள். வீடுவரைக்கும் கம்பெனி வண்டி வரும். இது உங்களுக்கு ஒத்துவருமா?" ஆணிடமும் இதையே, இதே சொற்களில் கேட்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், "வயசான அம்மா இருக்காங்க, முடியாதுங்க" என்று சொல்லும் ஆண்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஏசி அறையில் மூன்று பேருக்கு எதிரே உட்காருகிறார். அவர் கை நடுங்குவது அவருடைய திறமையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுங்கள். "அஞ்சு கேள்வி கேட்போம், ஒரு சின்னக் கணக்கு கொடுப்போம், நாற்பது நிமிஷம் ஆகும், யோசிச்சு நிதானமா சொல்லுங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பேசும் மொழியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். மெர்ச்சண்டைசருக்கு ஆங்கிலம் வேண்டும்தான், ஆனால் அது மெயில் எழுதும் ஆங்கிலம். அதைச் சோதிக்க ஒரு மெயில் எழுதச் சொன்னால் போதும். அப்புறம், நாம் குறைவாகப் பேச வேண்டும். கேள்வி கேட்டபின் வரும் அமைதியை நாமே நிரப்பிவிடக் கூடாது. பத்து நொடி காத்திருந்தால் பெரும்பாலும் நல்ல பதில் அதற்குப் பிறகுதான் வருகிறது.

கடைசிப் பத்து நிமிஷம் அவருடையது. அவர் கேட்கட்டும். வேலையின் கஷ்டத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்த சீட்டில் ஒரு வருஷத்தில் இரண்டு பேர் விட்டுப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். தெரிந்து வருபவர் நிற்பார். எடுக்கவில்லை என்றாலும் ஒரு வாரத்துக்குள் போன் செய்து சொல்லிவிடுங்கள். போனையே பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று நமக்குத் தெரியாதா?

எடுத்தவர்களின் தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை. ஒரு ஃபைலில் வைத்து, ஆறு மாதம் கழித்து அவருடைய மேலாளரிடம் அதே நான்கு அம்சங்களுக்கும் மதிப்பெண் கேட்டுப் பக்கத்தில் எழுதுவேன். அப்படித்தான் ஒன்று தெரிந்தது. "கெட்ட செய்தியை எப்படிச் சொன்னீங்க?" என்ற என் கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் 4 வாங்கியிருந்தார்கள், மேலாளர்கள் போட்டதோ 2-லிருந்து 5 வரை. கேள்வி யாரையும் பிரித்துக்காட்டவில்லை. இப்போது அதை மாற்றி, "சொல்ல வேண்டிய ஒண்ணை லேட்டா சொன்னது எப்ப? ஏன் லேட்டாச்சு?" என்று கேட்கிறேன். இதுவரை ஒன்பது பேரிடம் கேட்டிருக்கிறேன். அதில் நான்கு பேர் வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆறு மாதம் வரும் ஆடியில் முடிகிறது.